பள்ளிக்கு வெளியே பிள்ளையின் படிப்பு: பினாங்குப் பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் ஆசிரியை இல்லை. பட்டர்வொர்த்தில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன், வீட்டுக்காரருக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. இரண்டு பிள்ளைகள், மூத்தவள் இடைநிலைப்பள்ளியில் படிவம் 4, சின்னவன் தொடக்கப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு, இரண்டு பேருமே தமிழ்ப்பள்ளியில் தொடங்கியவர்கள். ஆறு வருஷம் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருந்ததால் பள்ளி வாசலில் நிற்கும்போதெல்லாம் யாராவது ஒரு அம்மா “அக்கா, ஒரு நிமிஷம்” என்று பிடித்துக்கொள்வார். அப்படி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததை எழுதியிருக்கிறேன்.

பிள்ளை பள்ளிக்கு ஒழுங்காகப் போகிறான், நாங்கள் தனியாக வேறு என்ன செய்ய வேண்டும்?

பள்ளியில் ஒரு ஆசிரியருக்கு முன்னால் இருபது முப்பது பிள்ளைகள். உங்கள் பிள்ளை எந்த இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறான் என்று அவர் பார்ப்பதற்குள் பாடம் அடுத்த பக்கத்துக்குப் போய்விடும், அது அவர் குற்றமும் இல்லை. அந்த முட்டும் இடத்தைக் கண்டுபிடிக்கிற வேலை நம்முடையது. மற்றதெல்லாம் அதற்கப்புறம். நான் பார்த்தவரை முக்கால்வாசிப் பேர் இதைச் செய்யாமலே நேராக டியூஷனுக்குப் பணம் கட்டுகிறார்கள், நானும் அப்படிக் கட்டியவள்தான், அந்தக் கதை கீழே வருகிறது.

யு.பி.எஸ்.ஆர். இல்லை, பி.டி.3 இல்லை. பிள்ளை எந்த நிலையில் இருக்கிறான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஆறாம் ஆண்டில் எழுதுகிற யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் போனது, அடுத்த வருஷமே படிவம் 3இல் எழுதுகிற பி.டி.3யும் போய்விட்டது. “எத்தனை ஏ?” என்று கேட்டே பழகிவிட்ட நமக்கு இப்போது கையில் வருவது வகுப்பு மதிப்பீட்டு அறிக்கை, அதில் டி.பி.1 முதல் டி.பி.6 வரை தேர்ச்சி நிலை. நிறையப் பேர் அதில் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். கொஞ்சம் நின்று படியுங்கள். டி.பி.1 என்றால் ஏதோ தெரிகிறது, டி.பி.2 என்றால் புரிகிறது, டி.பி.3 என்றால் தெரிந்து, புரிந்து, செய்யவும் முடிகிறது. அதற்கு மேலே போகப் போகத் தானாகச் செய்வது, புதிய இடத்தில் பயன்படுத்துவது என்று ஏறும்.

ஒரு பாடத்தில் 2 என்று இருந்தால் பிள்ளையைத் திட்டாதீர்கள். ஆசிரியரிடம் போய், “எந்தப் பகுதியில் 2?” என்று கேளுங்கள். கணிதத்தில் 2 என்றால் அது பின்னமா, நேரமா, பணமா? மலாய்மொழியில் 2 என்றால் வாசிப்பா, எழுதுவதா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தால் வீட்டில் என்ன செய்வது என்பது பாதி தெரிந்துவிடும்.

அப்போ டியூஷன் வேண்டாமா?

வேண்டாம் என்று சொல்லமாட்டேன். மூத்தவள் நான்காம் ஆண்டில் இருந்தபோது எங்கள் தாமானில் (குடியிருப்பில்) எல்லாரும் அனுப்புகிறார்களே என்று நானும் ஒரு டியூஷன் நிலையத்தில் மூன்று பாடத்துக்குச் சேர்த்தேன். ஒரு அறையில் நாற்பது பிள்ளைகள். பள்ளியில் நடத்தின பாடத்தையே அங்கே இன்னொரு தடவை வேகமாக நடத்தினார்கள், அவ்வளவுதான். எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அவளுக்குப் பெருக்கல் வாய்பாட்டில் ஏழும் எட்டும் சரியாக வரவில்லை, அதனால்தான் வகுத்தலும் பின்னமும் எல்லாமே தடுமாறின. எட்டு மாதக் கட்டணம். வீட்டில் சோறு வடிக்கிற நேரத்தில் தினமும் பத்து நிமிஷம் கேட்டிருந்தால் மூன்று வாரத்தில் முடிந்திருக்கும், கடைசியில் அப்படித்தான் முடித்தோம்.

எனவே என் கணக்கு இதுதான்: எங்கே முட்டுகிறது என்று தெரிந்து, அதை வீட்டில் செய்ய முடியவில்லை என்றால் அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் டியூஷன். சேர்ப்பதற்கு முன் அங்கே எத்தனை பிள்ளைகள் என்று கேளுங்கள், ஒரு வகுப்பு உட்கார்ந்து பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். “மூன்று மாதத்தில் ஏ வாங்கித் தருகிறோம்” என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம்.

கையில் காசு இறுக்கம் என்றால் நம் சமூகத்திலேயே வழி இருக்கிறது. 1982இல் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் குறைந்த கட்டணத்தில் வகுப்பு நடத்திப் பல்லாயிரம் பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் வரை கொண்டுபோயிருக்கிறது. பத்துமலையில் அவர்கள் நடத்தும் கல்வி யாத்திரைக்குப் போனவர்கள் உங்கள் குடும்பத்திலேயே யாராவது இருப்பார்கள். கோயில்களிலும் சில இடங்களில் வார இறுதி வகுப்பு நடக்கிறது, அர்ச்சனைச் சீட்டு எழுதுகிறவரிடம் விசாரித்தாலே போதும்.

தமிழ்ப்பள்ளியில் நன்றாகப் படித்த பிள்ளை படிவம் 1இல் தடுமாறுகிறதே, ஏன்?

என்னைக் கேட்டால் நாம் எல்லாரும் கவலைப்பட வேண்டிய கேள்வி இதுதான்.

மூத்தவள் இடைநிலைப்பள்ளிக்குப் போன முதல் மாதம். கணிதத்தில் ஒரு சின்னக் கேள்வி, மலாயில். அலியின் எடை 42 கிலோ, அபுவின் எடை 35 கிலோ, இருவர் எடைக்கும் ‘பேஸா’ எவ்வளவு? இவள் 77 என்று எழுதிவைத்திருந்தாள். சிவப்பு மையில் பெரிய தவறுக் குறி. வீட்டில் நான் தமிழில் கேட்டேன், “இரண்டுக்கும் வேறுபாடு எவ்வளவு?” கண்ணை மூடித் திறக்கும் முன்னே “ஏழு” என்றாள். கழித்தல் தெரியாத பிள்ளை இல்லை. ‘பேஸா’ என்ற ஒரு சொல் தெரியவில்லை, இரண்டு எண் இருக்கிறதே என்று கூட்டிவிட்டாள்.

ஆறு வருஷம் கணிதத்தையும் அறிவியலையும் தமிழில் படித்த பிள்ளை, படிவம் 1இல் அதே பாடத்தை மலாயில் எதிர்கொள்கிறது (சில பள்ளிகளில் இருமொழித் திட்டம் இருந்தால் ஆங்கிலத்தில்). பிள்ளைக்குப் பாடம் தெரியும், பாடத்தின் பெயர் தெரியாது. ஆசிரியருக்கோ இந்தப் பிள்ளைக்குப் பாடமே தெரியவில்லை என்று தோன்றும், பிள்ளைக்கும் கொஞ்ச நாளில் அப்படியே தோன்ற ஆரம்பித்துவிடும். வகுப்பின் கடைசி வரிசை அப்படித்தான் உருவாகிறது. மலாய்மொழி அடைவு போதவில்லை என்றால் படிவம் 1க்கு முன்னே ஒரு வருஷம் புகுமுக வகுப்பு வேறு. அதில் படித்து நன்றாக வந்தவர்களும் உண்டு, ஆனால் கூட்டாளிகள் எல்லாம் ஒரு படி மேலே போக நாம் மட்டும் நிற்கிறோம் என்பது பதிமூன்று வயதில் சின்ன விஷயம் இல்லை.

நாங்கள் செய்தது ஒரு எழுபது காசு நோட்டுப் புத்தகம். நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் தமிழ்ச்சொல், வலப்பக்கம் மலாய்ச்சொல். பின்னம், பெச்சாஹான். விழுக்காடு, பெராத்துஸ். சராசரி, புராத்தா. பரப்பளவு, லுவாஸ். கன அளவு, இசிபாடு. அறிவியலுக்குப் பின்பக்கத்திலிருந்து: உராய்வு, கெசெரான். ஒரு நாளைக்கு ஐந்து சொல், அதற்கு மேல் வேண்டாம். படிவம் 1 பாடநூல் கல்வி அமைச்சின் டெலிமா இணையத்தளத்திலேயே மின்னூலாக இருக்கிறது, இல்லையென்றால் பக்கத்து வீட்டு அண்ணனிடம் இரவல் கேளுங்கள். அதைத் திறந்து, ஒவ்வொரு பாடத்துக்கும் முதல் இரண்டு பக்கத்தில் உள்ள சொற்களை மட்டும் எடுங்கள். சின்னவனுக்கு இதை ஐந்தாம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டேன், அக்கா பட்ட பாடு அவனுக்கு வேண்டாம்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. அந்த ‘பேஸா’ நம்முடைய ‘பேதம்’ தான், இரண்டும் சமஸ்கிருதத்திலிருந்து வந்தவை. வகுத்தலுக்கு ‘பஹாகி’ என்கிறார்கள், அதில் ‘பாகம்’ தெரிகிறதா? ‘பாக்கி’ என்றால் இரண்டு மொழியிலும் பாக்கிதான், அரபியிலிருந்து இரண்டு பக்கமும் வந்து உட்கார்ந்த சொல். ‘கப்பால்’, ‘கெடாய்’, ‘மோடால்’ மூன்றும் நாம் கொடுத்தவை: கப்பல், கடை, முதல். இதைச் சொல்லிக் கொடுத்த அன்று என் மகன் சாப்பாட்டு மேசையில் அரை மணி நேரம் இப்படிச் சொல்லாகத் தேடிக்கொண்டிருந்தான். மலாய்மொழி அன்னியம் என்ற பயம் அங்கேயே பாதி போனது.

படிவம் 5 முடிவில் எழுதுகிற எஸ்.பி.எம். தேர்வின் சான்றிதழ் கையில் கிடைக்க மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி கட்டாயம். மற்ற எல்லாவற்றிலும் ஏ வாங்கினாலும் இந்த இரண்டில் ஒன்று போனால் சான்றிதழ் இல்லை. வரலாறும் மலாயில்தான் எழுத வேண்டும். ஆகவே மலாய்மொழிக்குச் செலவிடுகிற நேரம் இரண்டு பாடத்துக்குச் செலவிட்ட மாதிரி.

எனக்குப் படிப்பு அவ்வளவாக இல்லை, ஷிப்டு வேலை வேறு. நான் எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

சொல்லிக் கொடுக்க வேண்டாம், கேளுங்கள். “இன்றைக்கு என்ன படித்தாய்?” என்று கேட்டால் எல்லாப் பிள்ளையும் “ஒன்றுமில்லை” என்றுதான் சொல்லும். “எனக்கு இது புரியவில்லை, நீ சொல்லிக் கொடு” என்று புத்தகத்தைத் திறந்து ஒரு பக்கத்தைக் காட்டுங்கள். பிள்ளை விளக்கும்போது எங்கே இழுக்கிறதோ அங்கேதான் பிரச்சினை. அதைக் கண்டுபிடிக்க உங்களுக்குப் பட்டம் தேவையில்லை. என் வீட்டுக்காரர் இரவு ஷிப்டு வாரத்தில் பிள்ளைகளைப் பார்ப்பதே அபூர்வம், பின்னேரம் கிளம்பும் முன் பசியாறும்போது பதினைந்து நிமிஷம் சின்னவனை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். தமிழ் ஒரு நாள், மலாய் ஒரு நாள். தப்பாக வாசித்தால்கூட நடுவில் நிறுத்தமாட்டார், அந்தப் பொறுமை எனக்கு வராது.

அப்புறம் வீட்டிலேயே கணக்கு கொட்டிக் கிடக்கிறது. மின்சாரக் கட்டணச் சீட்டைக் கொடுத்து போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் ‘பேஸா’ பார்க்கச் சொல்லுங்கள். சந்தையில் இருநூறு கிராம் இஞ்சி எவ்வளவு என்று தராசு முள்ளைப் பார்க்கும் முன்னே சொல்லச் சொல்லுங்கள். சொன்னது சரியாக இருந்தால் மிச்சச் சில்லறை அவனுக்கு என்பது எங்கள் வீட்டு ஒப்பந்தம், இப்போதெல்லாம் அடிக்கடி என் பையில் சில்லறை மிஞ்சுவதில்லை.

பினாங்கில் பிள்ளையை எங்கே கூட்டிப்போகலாம்? பேரங்காடியைத் தவிர!

பெருநிலப் பக்கம் இருப்பவர்களுக்கு செபராங் ஜெயாவில் மாநில நூலகம் இருக்கிறது. தீவில் கிரீன் லேன் பக்கம் 2016இல் திறந்த டிஜிட்டல் நூலகம், பரீட்சை நேரத்தில் படிவம் 4, 5 பிள்ளைகள் குளிர்சாதனத்துக்காகவே போய் உட்காருவார்கள், உட்கார்ந்தபின் எப்படியும் படிப்பார்கள். கொம்தார் கட்டடத்தில் டெக் டோம் அறிவியல் நிலையம், அதுவும் அதே வருஷம் வந்தது. கையால் தொட்டு இழுத்து அழுத்திப் பார்க்கிற மாதிரி இருப்பதால் சின்னப் பிள்ளைகளை வெளியே இழுத்து வருவதுதான் கஷ்டம். நுழைவுக் கட்டணம் கொஞ்சம் கனம், வருஷத்துக்கு ஒரு முறை போதும். கோலாலம்பூருக்கு உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் ஒரு நாள் தள்ளித் திரும்பினால் புக்கிட் கியாராவில் தேசிய அறிவியல் நிலையம், கே.எல்.சி.சி.யில் பெட்ரோசைன்ஸ் அறிவியல் கூடம்.

ஆனால் எனக்குப் பிடித்த இடம் சௌராஸ்தா சந்தைதான். கீழே ஊறுகாய்க்கும் ஜாதிக்காய்க்கும் சுற்றுலாப் பயணிகள் முண்டியடிக்க, மேல்மாடியில் பழைய புத்தகக் கடைகள். தரையிலிருந்து கூரை வரை அடுக்கு, நடக்க ஒரு ஆள் அகலம், பழைய தாள் வாசனை. பிள்ளை கையில் பத்து வெள்ளியை (ரிங்கிட்டை) கொடுத்து, “என்ன வேண்டுமானாலும் வாங்கு, நான் ஒன்றும் சொல்லமாட்டேன்” என்று விடுங்கள். முதல் தடவை என் மகன் கார் இயந்திரப் படம் போட்ட ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தைத் தூக்கிவந்தான். பாதி பக்கத்தில் எண்ணெய்க் கறை. எனக்கு வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். இன்றைக்கு அவனுக்குத் தெரிந்த ஆங்கிலச் சொற்களில் பாதி அந்தப் புத்தகத்திலிருந்து வந்தவை.

இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் தமிழ் விட்டுப்போகிறது, என்ன செய்வது?

மலாயாவில் தமிழ் வகுப்பு முதன்முதலில் தொடங்கியது நம் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில், 1816இல் என்று சொல்வார்கள். இருநூறு வருஷத்துக்கு மேல் ஆன பிறகும் “தமிழ் எதற்கு?” என்று நம்மவர்களே கேட்பதுதான் எனக்கு எரிச்சல்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1996 கல்விச் சட்டப்படி ஒரு தேசியப் பள்ளியில் குறைந்தது 15 பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் தமிழ் வகுப்பு நடத்த வழி செய்ய வேண்டும். ஆனால் யாராவது கேட்க வேண்டும், எழுத்தில் கேட்க வேண்டும். ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போய் நிர்வாகத்தில் விசாரித்துவிட்டு “ஆசிரியர் இல்லையாம்” என்று திரும்பிவிடுகிறார்கள். படிவம் 1 பதிவு நாளன்றே வாசலில் நின்று தமிழ்ப்பெற்றோர்களின் பெயரையும் எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள், பதினைந்து சேர்ந்ததும் ஒரே கடிதமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், நகல் ஒன்றில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள். ஆசிரியர் கிடைக்கத் தாமதமாகலாம், ஆனால் கோரிக்கை எழுத்தில் இருந்தால் விடாமல் கேட்க முடியும். எஸ்.பி.எம்.மில் தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் எடுக்கலாம். “தமிழ் எடுத்தால் ஏ குறையும்” என்று பிள்ளையை விலக்குகிறவர்கள் எத்தனை பேர் தெரியுமா? ஆறு வருஷம் அஸ்திவாரம் போட்ட பாடத்தை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றில் ஏ தேடுவது என்ன கணக்கோ.

கைப்பேசியைப் பிடுங்கிவிடலாமா?

எங்கள் வீட்டில் பிடுங்கிப் பார்த்தோம், சண்டைதான் மிச்சம். இரவு ஒன்பதரைக்கு எல்லார் கைப்பேசியும், என்னுடையதும் சேர்த்து, அடுக்களை மேசையில் மின்னேற்றிக்குப் போய்விடும். என்னுடையதைச் சேர்க்காத வரை இது நடக்கவே இல்லை.

புறப்பாட நடவடிக்கை நேர விரயம்தானே?

பல்கலைக்கழக விண்ணப்பத்தில் மெரிட் மதிப்பெண்ணில் 90 விழுக்காடு படிப்புக்கு, 10 விழுக்காடு புறப்பாடத்துக்கு. அந்தப் பத்தில் இரண்டு மூன்று குறைந்ததால் விரும்பிய துறை கைநழுவியவர்கள் இருக்கிறார்கள். ஒரு விளையாட்டு, ஒரு சீருடை இயக்கம், ஒரு கழகம், ஒழுங்காகப் போய் வந்தாலே கணிசமாகக் கிடைக்கும். சான்றிதழ்களை ஒரு கோப்பில் போட்டு வையுங்கள், படிவம் 5இல் தேடிக்கொண்டு அலைய வேண்டாம்.

எவ்வளவு சொல்லியும் வாசிக்க வரவில்லை. சோம்பேறித்தனமா?

எட்டு வயதாகியும் எழுத்துகளை மாற்றி மாற்றி வாசிக்கிறான், வாயால் கேட்டால் எல்லாம் சொல்கிறான், எழுதச் சொன்னால் அழுகிறான் என்றால் அடிக்காதீர்கள், திட்டாதீர்கள். முதலில் கண்ணையும் காதையும் சோதியுங்கள். அப்புறம் அரசாங்கச் சுகாதார நிலையத்துக்குப் போய்க் கற்றல் சிரமம் பற்றிப் பேசுங்கள், அங்கிருந்து மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். டிஸ்லெக்சியா என்று தெரிந்தால் அதற்கென்று சொல்லிக் கொடுக்கும் முறை இருக்கிறது, டிஸ்லெக்சியா மலேசியா சங்கமும் இருக்கிறது. “நாலு பேர் என்ன சொல்வார்கள்” என்று இரண்டு வருஷம் ஒளித்துவைத்த ஒரு அம்மாவை எனக்குத் தெரியும். அந்தப் பையனுக்கு அந்த இரண்டு வருஷமும் பள்ளி என்றாலே வயிற்றுவலி.

பேசாமல் பள்ளியை நிறுத்திவிட்டு வீட்டிலேயே படிக்கவைத்தால்?

2003 முதல் ஆறு வருஷத் தொடக்கக்கல்வி சட்டப்படி கட்டாயம், மீறினால் ஐயாயிரம் வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வீட்டுக்கல்விக்குக் கல்வி அமைச்சின் விலக்கு தேவை, கோபத்தில் எடுக்கிற முடிவுக்கு இது ஏற்றதில்லை.

பணத்துக்கு என்ன வழி?

பள்ளி தொடங்கும்போது பிள்ளைக்கு 150 வெள்ளி தொடக்க உதவி வருகிறது, அது பள்ளிப்பைக்கும் காலணிக்குமே சரியாகிவிடும். வருமான வரி கட்டுகிறவர்கள் உயர்கல்விக் கடன் தரும் பி.டி.பி.டி.என். நடத்தும் எஸ்.எஸ்.பி.என். கல்விச் சேமிப்புக் கணக்கில் பிள்ளை பெயரில் போட்டால் வருஷத்துக்கு 8,000 வெள்ளி வரை வரிக்கழிவு, போட்டதில் எடுத்ததைக் கழித்துத்தான் கணக்கு என்பதால் டிசம்பரில் போட்டு ஜனவரியில் எடுக்கிற தந்திரம் அடுத்த வருஷக் கணக்கில் இடிக்கும். வரி கட்டாதவர்களும் மாதம் முப்பது வெள்ளியாவது போடுங்கள். உயர்கல்விக்குப் போகும் பிள்ளைகளுக்குப் பினாங்கு இந்து அறப்பணி வாரியம் கல்வி உதவி தருகிறது, விண்ணப்பம் திறக்கும் நேரத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். வருமானச் சான்று, பிறப்புப் பத்திர நகல், தேர்வு முடிவு மூன்றும் தயாராக ஒரே கோப்பில் இருந்தால் கடைசி நாள் ஓட்டம் இல்லை.

ஆசிரியரிடம் பேசினால் பிள்ளை மேல் கோபப்படுவாரோ?

காலை மணி அடிக்கிற நேரத்தில் வாசலில் மடக்கினால் யாருக்கும் கோபம் வரும். நேரம் கேட்டு, பிள்ளையின் நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். “ஏன் சொல்லிக் கொடுக்கவில்லை?” என்று தொடங்காமல் “இந்த இடத்தில் இவள் தடுமாறுகிறாள், வீட்டில் நான் என்ன செய்யட்டும்?” என்று தொடங்குங்கள். மூத்தவளின் 77 போட்ட அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நான் அவளுடைய மலாய்க்காரக் கணித ஆசிரியையைப் பார்க்கப் போனேன், என் மலாயும் அப்படி ஒன்றும் பிரமாதம் இல்லை. நோட்டுப் புத்தகத்தை விரித்துக் காட்டினேன், இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் மலாய். அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதை இரண்டு நாள் இரவல் கேட்டார். திரும்பி வந்தபோது வலப்பக்கத்தில் பென்சிலால் இன்னும் முப்பது சொற்கள் எழுதியிருந்தன, இடப்பக்கம் காலியாக, நாங்கள் நிரப்புவதற்கு.